பீர்க்கங்கொடிக் கூரை

அறிவிப்புப் பலகையில் ஒட்டிய காகிதத்தின் பசை காயும் முன்பே சுள்ளி மூன்று மாடிப் படிகளையும் இறங்கி, சைக்கிள் நிறுத்துமிடத்தைக் கடந்து, கேன்டீனுக்குள் நுழைந்துவிட்டாள். அவளுக்குச் சுள்ளி என்று பெயர் வந்ததற்கு வகுப்பில் இரண்டு காரணம் சொல்வார்கள். ஆள் ஒல்லி என்பது ஒன்று. தீக்குச்சியே வேண்டாம், முறைத்துப் பார்த்தாலே பற்றிக்கொள்வாள் என்பது இன்னொன்று.

அவள் தேடி வந்தவன் மூலை மேசையில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"நம்ம பேர் வந்திருக்கு," என்றாள், மூச்சிரைக்க.

அவன் வாயிலிருந்த கவளத்தை மென்று விழுங்கினான். தண்ணீர் குடித்தான். எழுந்து போய்க் கை கழுவினான். கைக்குட்டையில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு, "எந்த லிஸ்ட்ல?" என்று கேட்டான். அவனுக்கு நிதானம் என்று பேர் வைத்தவன் வாயில் சர்க்கரை போட வேண்டும்.

ஆசிய நாடுகள் பலவற்றிலிருந்து மாணவர்களைப் பொறுக்கியெடுத்து, சுற்றுச்சூழலிலும் நிலைத்த வளர்ச்சியிலும் ஆய்வு செய்ய வாய்ப்புத் தரும் திட்டம் அது. இருவர் இருவராகச் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். தேர்வானால் மூன்று மாதம் வேறொரு நாட்டு ஆய்வுக்கூடத்தில் வேலை. போக வர விமானச் சீட்டு, தங்க இடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. முதல் சுற்றில் தேறியவர்கள் இந்தக் கோடைக்குள் ஒரு சின்னக் களச் சோதனை செய்து காட்டி, அதன்பின் வீடியோ வழியாக நேர்காணலுக்கு உட்கார வேண்டும். மற்றவர்கள் ஆறு, கடல், காடு என்று பெரிய பெரிய விஷயங்களைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, இவர்கள் இருவரும் தகரக் கூரையைப் பிடித்தார்கள். ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு, இல்லாதவன் தலைக்கு மேலே இருப்பது தகரம்தான். அதன் மேல் கொடி படரவிட்டால் கரண்ட் இல்லாமலே அறை குளிருமா, எவ்வளவு குளிரும் என்பதுதான் கேள்வி.

சுள்ளிக்கு இது வெறும் படிப்புச் சமாச்சாரம் இல்லை. அவளுடைய அண்ணன் தான் வேலை பார்க்கும் காப்பீட்டு நிறுவனத்தில் அவளுக்கு ஓர் இடம் பார்த்து வைத்திருந்தான். கோடை முடிந்ததும் சேர வேண்டும். கெட்ட வேலை என்று சொல்ல முடியாது. நல்ல நாற்காலி, நல்ல சம்பளம், குளிரூட்டிய அறை. ஆனால் அதை நினைத்தாலே அவளுக்கு யாரோ வாயில் பஞ்சு அடைத்ததுபோல் இருக்கும். வீட்டில் மல்லுக்கட்டி, கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தாள். இந்த ஆய்வு வாய்ப்பு கிடைத்தால் படிப்பைத் தொடரலாம். கிடைக்காவிட்டால் மறுபேச்சுப் பேசாமல் அண்ணன் பின்னால் ஆபீசுக்குப் போக வேண்டும்.

சோதனைக்கு வீடு தேடி அலையவேண்டிய தேவை இருக்கவில்லை. நிதானத்தின் வீட்டு மாடியில் ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி இரண்டு அறைகள் இருந்தன. ஒரே அளவு, ஒரே ஜன்னல், ஒரே தகரக் கூரை. அவன் அம்மா அங்கேதான் தையல் கூடம் நடத்தினாள். பள்ளிக்கூடச் சீருடைகள் மொத்தமாகத் தைத்துக் கொடுக்கும் வேலை. அறைக்கு மூன்று மெஷின்.

ஒரு கூரையின் மேல் ஒரு சாண் உயரத்தில் கம்பி வலை இழுத்துக் கட்டினார்கள். கைப்பிடிச் சுவர் ஓரமாகச் சாக்குகளில் மண் நிரப்பிப் பீர்க்கங்கொடி ஏற்றினார்கள். இன்னொரு கூரையைத் தொடவே இல்லை. இரண்டு அறையிலும் தீப்பெட்டி அளவிலான வெப்பப் பதிவுக் கருவியை, ஆள் உட்கார்ந்தால் தலை வரும் உயரத்தில், சுவரில் மாட்டினார்கள்.

சுள்ளி அவன் அம்மாவிடம் கெஞ்சாத குறையாக எடுத்துச் சொன்னாள். இரண்டு அறையிலும் ஒரே மாதிரி வேலை நடக்க வேண்டும். ஒரே மாதிரி ஆட்கள், ஒரே மாதிரி மெஷின். ஒன்றுக்கு ஒன்று வித்தியாசம் கூரை மட்டும்தான் இருக்க வேண்டும்.

"நான் ஒரு பேச்சு சொன்னா சொன்னதுதாம்மா. ஒரு ஊசி இடம் மாறாது," என்றாள் அம்மா. அவன் அப்பா, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், அறை வாசலில் நின்று, டிக்கெட் இல்லாத ஒருத்தரையும் ஏற்றமாட்டேன் என்று தன் பங்குக்கு உறுதி கொடுத்தார்.

கொடி என்னவோ சுள்ளியின் அவசரம் தெரிந்ததுபோல் வளர்ந்தது. சில வாரங்களில் வலையே தெரியாமல் இலை மூடிவிட்டது. இருவரும் வகுப்பு முடிந்து சாயங்காலம் வந்து, கருவிகளைக் கழற்றி, மடிக்கணினியில் செருகிப் பார்ப்பார்கள். திரையில் இரண்டு கோடுகள் வரும். வெறும் தகரத்து அறையின் சிவப்புக் கோடு மதியத்தில் விறுவிறுவென்று மேலே ஏறும். கொடி அறையின் பச்சைக் கோடு கீழேயே சமர்த்தாகக் கிடக்கும். முதல்முதலாக அந்த இடைவெளியைப் பார்த்த அன்று சுள்ளி மாடியை இரண்டு முறை சுற்றி ஓடினாள். நிதானம்கூட அன்று உட்கார்ந்த இடத்தில் காலை ஆட்டினான். அவனைப் பொறுத்தவரை அது கூத்தாட்டம்.

பிறகுதான் சனி பிடித்தது.

பச்சைக் கோடு மெல்ல நிமிர ஆரம்பித்தது. காலையில் ஒழுங்காக இருக்கும். மதியம் ஆனதும், என்ன கோபமோ, மேலே ஏறும். ஒரு வாரம் போவதற்குள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஒரு நாள் தாண்டியும் விட்டது. கொடி போட்ட அறை, போடாத அறையைவிடச் சூடு.

கருவிகளை இடம் மாற்றி மாட்டிப் பார்த்தார்கள். அதே கதை. இலை வாடியிருக்கிறதா என்று பார்த்தார்கள். அது வெட்கமில்லாமல் செழித்திருந்தது. பூ வேறு பூத்திருந்தது. அவர்களை வழிநடத்திய பேராசிரியை கோடுகளைக் கண்ணாடி வழியாகவும் கண்ணாடிக்கு மேலாகவும் பார்த்துவிட்டு, அறிக்கை அனுப்ப அதிக நாள் இல்லை என்பதை மட்டும் நினைவூட்டினார்.

அன்று கேன்டீனில் சுள்ளி வாய்விட்டே கேட்டுவிட்டாள். முதல் வாரங்களின் கணக்கு மட்டும் போதாதா? பிந்தைய நாட்களில் கருவி பழுது என்று ஒரு வரி எழுதிவிட்டால் என்ன?

நிதானம் அவளை நிமிர்ந்து பார்த்தான். "கருவி பழுதில்லன்னு ரெண்டு பேருக்கும் தெரியும்."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற? நான் போய் பாலிசி விக்கட்டுமா?"

"நாம பார்க்காதது ஏதோ ஒண்ணு இருக்கு. யோசிப்போம்."

"நீ யோசிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மென்ட் வந்துரும்."

சொல்லிவிட்டுப் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. அவன் சொன்னது சரி என்பதுதான் அவளுக்கு எரிச்சலை இன்னும் கிளப்பியது. வாசலில் அவன் வீட்டுப் பக்கம் போகும் பஸ் நின்றிருந்தது. இத்தனை நாளில் ஒரு நாள்கூட மதியத்தில் அங்கே போனதில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஏறிவிட்டாள்.

வெயில் மண்டையைப் பிளந்தது. கீழ்வீட்டில் கதவு திறந்து கிடந்தது, ஆளைக் காணோம். மாடிப்படியின் மேலே செருப்புகள் குவிந்து கிடந்தன. கல்யாண மண்டப வாசல் தோற்றது. மேலேறிப் போனால், வெறும் தகரத்து அறை பூட்டிக் கிடந்தது. பக்கத்துக் கொடி அறையிலிருந்து சந்தைக்கடை இரைச்சல் வந்தது.

சுள்ளி கதவைத் தள்ளினாள்.

ஆறு மெஷினும் அங்கேதான் இருந்தன. ஒன்றின் முதுகோடு ஒன்று ஒட்டிக்கொண்டு கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. நடுவே ஒரு மேசை போட்டு நிதானத்தின் சித்தி புகையும் இஸ்திரிப்பெட்டியால் கால்சட்டைகளை மடிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். மூலையில் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாயில் குறட்டை விட்டார். அவர் கால்மாட்டில் பக்கத்து வீட்டம்மா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பெண்கள் இருவர் தரையில் படுத்து வீட்டுப்பாடம் எழுதினார்கள். ஜன்னல் திண்டில் சின்னத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று தானாகப் பேசிக்கொண்டிருந்தது. மொத்தம் பதினோரு பேர். மூச்சு விடுவதென்றால் முறை வைத்துத்தான் விட வேண்டும்.

அம்மா அவளைப் பார்த்தாள். மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது. ஒவ்வொரு மெஷினாக ஓய்ந்து, அறையில் தொலைக்காட்சியும் குறட்டையும் மட்டும் மிஞ்சின.

"ஏங்க, எந்திரிங்க. பொண்ணு வந்திருக்கு," என்று அம்மா அவர் காலைத் தட்டினாள். அப்பா எழுந்து உட்கார்ந்து, தூக்கக் கலக்கத்தில் சட்டைப்பையைத் தடவினார்.

அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. விஷயத்தைக் கோர்வையாகச் சொல்லக்கூட முடியவில்லை. முதலில் தலைவலி என்று ஒரே ஒரு பெண் தன் மெஷினை இந்தப் பக்கம் தள்ளிக்கொண்டாளாம். இங்கே ஜில்லென்று இருக்கிறது என்று சொன்னதும் மற்றவர்களும் வந்துவிட்டார்களாம். அப்புறம் சித்தி. அப்புறம் வந்தவர்களெல்லாம் உட்கார்ந்துவிட்டார்கள். யாரைப் போ என்பது? பிள்ளைகள் வரும் நேரத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் பழையபடி அந்த அறையில் போட்டு, தரையைக்கூடப் பெருக்கிவிடுவார்களாம்.

"உங்க படிப்புக்கு ஒரு குறையும் வரக்கூடாதுன்னுதாம்மா, நீங்க வர்றதுக்குள்ள அப்படியே திருப்பி வச்சிருவோம். சத்தியமா தினமும் வச்சோம்," என்றாள் அம்மா. கண் கலங்கியிருந்தது.

சுள்ளிக்கு முதலில் வந்தது கோபம்தான். இத்தனை நாள் தூக்கம் கெட்டு, நல்லவன் ஒருவனோடு சண்டை போட்டு, பொய் எழுதலாமா என்றுகூட நினைத்து... வாயைத் திறந்தவள் இஸ்திரிப்பெட்டியைப் பார்த்தாள். பிறகு ஆறு மெஷின்களை. பிறகு நிம்மதியாக உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டம்மாவை.

ஒரு நிமிஷம்.

இத்தனை உடம்பு, இத்தனை மெஷின், நெருப்பாகக் கொதிக்கும் இஸ்திரிப்பெட்டி. இவ்வளவையும் வயிற்றில் வைத்துக்கொண்டுதான் இந்த அறை, பூட்டிக் கிடந்த வெற்று அறையின் சூட்டை எட்டியிருக்கிறது. அதுவும் முக்கி முனகி. அப்படியென்றால் தலைக்கு மேலே அந்தப் பீர்க்கங்கொடி எவ்வளவு பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது?

சுள்ளி சிரிக்க ஆரம்பித்தாள். அடக்க அடக்க அதிகமாக வந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிள்ளைக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றே அம்மா பயந்திருப்பாள்.

"ஆன்ட்டி, யாரும் எந்திரிக்காதீங்க. ஒரு ஊசியும் இடம் மாறக்கூடாது," என்று சொல்லிவிட்டு நிதானத்துக்கு போன் போட்டாள். ஆட்டோ பிடித்து உடனே வா என்றாள். அவன் என்ன விஷயம் என்று கேட்டு முடிப்பதற்குள் வைத்துவிட்டாள்.

அவன் அன்று ஓடி வந்தான். அவன் ஓடி அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லையாம், சித்தி பிறகு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். வாசலில் நின்று அறையை ஒரு பார்வை, சுள்ளியை ஒரு பார்வை பார்த்தான். அவள் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அவன் முகம் மெல்ல மெல்ல விரிந்தது.

"இதே கூட்டத்தை அந்த ரூம்ல வச்சுப் பார்க்கணும்," என்றான்.

"அதுக்குத்தான் உன்னை வரச் சொன்னேன்."

அடுத்த நாள் மதியம் தெருவுக்கே திருவிழாக் களை வந்துவிட்டது. அதே பதினோரு பேர், அதே மெஷின்கள், அதே இஸ்திரிப்பெட்டி, பட்டாணிக் கூடைகூட அதேதான். எல்லாவற்றையும் வெறும் தகரத்து அறைக்கு மாற்றினார்கள். ஆட்களை ஏற்றும் பொறுப்பை அப்பா எடுத்துக்கொண்டார். பழைய தோல்பையை எங்கிருந்தோ தேடியெடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு படிக்கட்டில் நின்றார்.

"உள்ள போங்க, உள்ள போங்க. முன்னாடி இடம் காலியா இருக்கு. ஏம்மா பட்டாணி, வழியில நிக்காத."

"மாமா, அடுத்த ஸ்டாப்புல இறங்கிக்கலாமா?" என்று உள்ளேயிருந்து சித்தி கேட்டாள்.

"இது பாயின்ட் டு பாயின்ட். நடுவுல நிக்காது."

ஆனால் நின்றது. கருவியில் எண் பாய்ந்து ஏறிய வேகத்தை நிதானம் ஜன்னலுக்கு வெளியே நின்று படிக்கப் படிக்க, சுள்ளி எழுதிக்கொண்டே வந்தாள். முதலில் வீட்டுப்பாடப் பெண்கள் வெளியே வந்து விழுந்தார்கள். அடுத்து பக்கத்து வீட்டம்மா, பட்டாணி வெந்துவிட்டது என்று கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். தையல்காரப் பெண்கள் ஒவ்வொருவராக முந்தானையால் விசிறிக்கொண்டு வெளியேறினார்கள். அம்மா மட்டும், வாக்கு தவறிய குறைக்குப் பரிகாரமாக, முகம் சிவக்கச் சிவக்கத் தனியாக ஒரு மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். சுள்ளிதான் உள்ளே போய் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். போதும் ஆன்ட்டி, நிரூபிச்சாச்சு என்று அந்த வேர்வைக் கையை விடாமல் கொடி அறைக்குள் கூட்டிப் போய் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

பேராசிரியை திட்டக்காரர்களிடம் அவகாசம் வாங்கிக் கொடுத்த சில நாட்களில் இன்னும் பல முறை ஆட்களை மாற்றி மாற்றி ஏற்றி இறக்கினார்கள். அறிக்கையை எழுதியது சுள்ளி. உண்மையை உள்ளபடியே எழுதினாள். போட்ட நிபந்தனை முறிந்தது, முறிந்தது எங்களுக்குத் தெரியவில்லை, தெரிந்த பிறகு இப்படிச் செய்தோம் என்று. அவள் எழுதிய ஒவ்வொரு வாக்கியத்தையும் நிதானம் மூன்று முறை படித்தான். இந்த முறை அவளுக்கு எரிச்சல் வரவில்லை.

நேர்காணல் அன்று லேபில் பேராசிரியையின் மேசையில் இருவரும் தோளோடு தோள் உட்கார்ந்தார்கள். திரையில் நான்கு முகங்கள். எல்லோருமே சிரித்தார்கள், ஒருவரைத் தவிர. நரைத்த தலை, ஒட்ட வெட்டிய முடி, கண்டிப்பான அம்மையார். அவர்தான் கடைசியில் கேட்டார். உங்கள் சோதனையின் முதல் விதியே உடைந்துவிட்டது, இதை நாங்கள் ஏன் நிராகரிக்கக் கூடாது?

மேசைக்கடியில் நிதானத்தின் கை சுள்ளியின் மணிக்கட்டைத் தொட்டது. அவள் ஒரு முறை மூச்சை இழுத்து விட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாகப் பேசினாள்.

கூரையை மட்டும் அளந்தால் போதும் என்று நினைத்தது எங்கள் தவறு என்றாள். ஒரு வீட்டில் ஓர் அறை குளிர்ந்தால் வீடு மொத்தமும் அங்கே வரும். தெருவும் வரும். வந்தவர்கள் தங்கள் சூட்டையும் கொண்டுவருவார்கள். காலி அறையை அளந்து, இவ்வளவு குளிரும் என்று ஒரு நகரத்துக்குச் சொல்லிக்கொடுத்தால் அது பொய்க் கணக்கு. ஜனங்கள் நிறைந்த அறையைத்தான் அளக்க வேண்டும். "எங்கே கூடுவாங்க, எத்தனை பேர் கூடுவாங்க, அதுக்கப்புறமும் கொடி தாங்குமா, இதை மற்ற ஊர்கள்லயும் பார்க்கணும். அதுக்குத்தான் எங்களுக்கு இந்த மூணு மாசம் வேணும்," என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தவள் பதற்றத்தில் கடைசி வாக்கியத்தைத் தமிழிலேயே முடித்துவிட்டாள். நிதானம் அதை அலுங்காமல் மொழிபெயர்த்தான். அந்த அம்மையார் குனிந்து எதையோ குறித்துக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

மெயில் வந்தபோது இருவரும் அதே மாடியில் பழுத்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். சுள்ளி முதல் வரியைப் படித்தாள். இரண்டாவது தடவை படித்தாள். பிறகு அவள் போட்ட சத்தத்தில் கொடி அறையில் ஆறு மெஷினும் நின்றன. சித்தி இஸ்திரிப்பெட்டியைக் கையோடு தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அம்மா, விஷயம் என்னவென்று கேட்காமலே அவளைக் கட்டிக்கொண்டாள்.

அண்ணனுக்கு போன் செய்து சொன்னாள். அவன், அந்த நாற்காலிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன் என்றான். வைக்கப் போனவன், "ஏய், எங்க ஆபீஸ் குடோனும் தகரக் கூரைதான். கொளுத்துது. திரும்பி வந்ததும் ஒரு நடை வந்து பாரு," என்றான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

ஆர்ப்பாட்டமெல்லாம் அடங்கி மற்றவர்கள் கீழே இறங்கிய பிறகுதான் நிதானம் மெயிலை முழுக்கப் படித்தான். அவன் முழுக்கத்தான் படிப்பான்.

"ரெண்டு ஊர்ல ஒரே நேரத்துல அளக்கணும்னு சொல்லியிருக்காங்க. உனக்குக் கடலோர ஊர். எனக்கு உள்நாட்டுல, வறண்ட பக்கம்." திரையை அவள் பக்கம் திருப்பினான். "வேற வேற நாடு."

சுள்ளி அவன் கையிலிருந்த போனை வாங்கிப் பார்த்தாள். அப்படித்தான் இருந்தது. இதைக் கேட்டது அவளேதான், மற்ற ஊர்களிலும் பார்க்க வேண்டும் என்று. அந்த அம்மையார் அதைத்தான் குறித்துக்கொண்டிருக்கிறார். ஆசைப்பட்டது கைக்கு வந்த இந்த நேரத்தில், நெஞ்சுக்குள் எங்கோ ஒரு நூல் இழுபட்டது. இத்தனை மாதம் இவன் சாவகாசத்தைத் திட்டித் திட்டியே தனக்கு இவன் பழகிப்போனது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"தினமும் சாயங்காலம் உன் ரூம் எவ்வளவு சூடுன்னு எனக்கு அனுப்பணும்," என்றாள்.

"சூடு மட்டும் போதுமா?"

சுள்ளி அவனைப் பார்த்தாள். அவன் கண்ணை எடுக்கவில்லை.

"யார் யார் இருந்தாங்க, என்ன பேசினாங்க, நீ சாப்டியா, எல்லாம்தான்," என்றாள். "ஆளோட சேர்த்து அளக்கலன்னா கணக்கு தப்பாயிடும்ல."

அவன் ஒரு வினாடிகூட யோசிக்காமல் தலையை ஆட்டினான்.